மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது ஏன்?

"கருத்தடை மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகிறது. இப்போது போய் ஏன் கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். விடை அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது.

தலைமுடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். இப்படி நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வளரும் கட்டத்தை நீட்டுகிறது. நிறுத்தியதும் சிலருக்கு, அதுவரை தள்ளிப்போன முடிகளெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன.

ஆனால் அன்றைக்கே விழுவதில்லை. முடியின் அடி கெட்டிப்பட்டுச் சின்ன வெள்ளைக் குமிழாகி, வேர்க்குழிக்குள் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதே குழியின் அடியில் புது முடி முளைத்து வரும் சமயத்தில்தான் பெரும்பாலும் பழையது கழல்கிறது. சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தக் குமிழ் தெரியும். வேர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதே என்று பலர் கலங்குவது இதைப் பார்த்துத்தான். வேர்க்குழி தலையிலேயே பத்திரமாக இருக்கிறது.

"குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள். காலக்கணக்கு சரிதான். பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. முடி கொட்டத் தொடங்கும்போது குழந்தையும் சிரிக்கத் தொடங்கியிருக்கும். பழியைக் குழந்தைமேல் போட்டுவிட்டு, முடி கொட்ட இன்னொரு காரணமாகக்கூடிய தாயின் இரும்புச்சத்துக் குறைவை யாரும் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

மாத்திரை சாப்பிடும்போதே முடி மெலிவது வேறு கதை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோன் இருக்கிறது. அதற்கு ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உண்டு. கூடவே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்குச் சில சமயம் வகிடு அகலமாகலாம். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டால், ட்ராஸ்பைரினோன் போன்ற வேறு ஹார்மோன் உள்ள மாத்திரைக்கு மாற்றித் தர முடியும்.

நிறுத்தியதால் வரும் உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். அந்த நேரத்தில் எந்தத் தைலம் தடவியிருந்தாலும் பேர் அதற்குப் போய்விடுகிறது. அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்றாலோ தைராய்டு, ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, மாத்திரை அடக்கி வைத்திருந்த ஆண் ஹார்மோன் மறுபடி ஏறியிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.