ஒப்புநிலை மயக்கம்: ‘ஷிஃப்டிங் பேஸ்லைன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்’ என்ற தொடரை இப்போது சூழலியல் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கிறோம். காடு, ஆறு, பறவை என்று பல துறைகளுக்கும் பரவிவிட்ட இந்தத் தொடர் பிறந்தது மீன்வள அறிவியலில்தான். இதை முன்வைத்தவர் டேனியல் பாலி. 1946இல் பாரிஸில் பிறந்து, ஜெர்மனியின் கீல் நகரில் படித்து, மணிலாவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். 1995இல் ஓர் அறிவியல் இதழில் ஒரே ஒரு பக்கத்துக்கு அவர் எழுதிய குறிப்பில்தான் இந்தத் தொடர் வந்தது.

அவர் சொன்னது இதுதான். மீன்வள ஆய்வாளர் ஒவ்வொருவரும் தாம் வேலைக்கு வந்த காலத்தில் கடலில் இருந்த மீன் வளத்தையே இயல்பான நிலை என்று மனத்தில் கொள்கிறார். பின்னால் வரும் குறைவை அதோடு ஒப்பிட்டே கணக்கிடுகிறார். அவருக்கு அடுத்த தலைமுறை வரும்போது கடலின் மீன் வளம் மேலும் வற்றியிருக்கும். ஆனால் அந்த வற்றிய கடல்தான் புதியவர்களுக்கு இயல்பு. இப்படியே தலைமுறை தலைமுறையாக இழப்பு கணக்கில் ஏறாமல் போகிறது.

அதே குறிப்பில் பாலி ஒரு சிறு செய்தியைச் சொல்கிறார். அவருடைய சக ஆய்வாளர் ஒருவரின் தாத்தா 1920களில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள காட்டகாட் நீர்ப்பரப்பில் கானாங்கெளுத்தி வகை மீன்களுக்கு வலை விரித்தவர். பெரிய நீலத்துடுப்புச் சூரைகள் (டூனா மீன்கள்) வந்து அந்த வலையில் சிக்கிக்கொள்வது அவருக்குத் தீராத தொல்லையாக இருந்ததாம். அன்று அந்தச் சூரையை வாங்க அங்கே ஆளில்லை. எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறாமல், குடும்பத்துக்குள் வழங்கிய பேச்சு இது. அந்தக் கடலில் என்ன இருந்தது என்பதற்கு இதுவும் சான்றுதானே என்பது பாலியின் கேள்வி.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பேஸ்லைன்’ நில அளவையில் உறுதியான பொருள் உடைய சொல். பெருநிலப்பரப்பை அளக்கப் புறப்படுபவர்கள் முதலில் ஒரே ஒரு கோட்டைத் தரையில் மிகத் துல்லியமாக அளந்துகொள்வார்கள். மற்ற தொலைவுகளை எல்லாம் அந்தக் கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக் கணக்கிடுவார்கள். இந்தியாவை முக்கோணமுறையில் அளந்த பெரும்பணிக்காக வில்லியம் லாம்ப்டன் அப்படி ஒரு கோட்டை 1802 ஏப்ரலில் அளக்கத் தொடங்கிய இடம் சென்னைப் பரங்கிமலை. ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். அந்த ஒரு கோட்டில் பிழை நேர்ந்தால் அதன்மேல் எழுந்த கணக்கு முழுவதும் பிழைபடும். பாலியின் தொடருக்கு வலுவைத் தருவது இந்தப் பொருள்தான். கடற்சட்டத்திலும் ஒரு பேஸ்லைன் உண்டு. ஒரு நாட்டின் 12 கடல்மைல் எல்லையைக் கரையோரத்தில் எங்கிருந்து அளப்பது என்பதைச் சொல்லும் கோடு அது. நம் பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மீனவர் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிடும் என்பதால் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

‘சிண்ட்ரோம்’ கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘சேர்ந்து ஓடுவது’ என்பது அதன் முதற்பொருள். மருத்துவத் தமிழில் நோய்க்குறித்தொகுப்பு என்கிறோம்.

பாலி சொன்னது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 2005இல் வெளிவந்த ஆய்வொன்று மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த 108 மீனவர்களிடம் பேசியது. முன்பு நிறையக் கிடைத்து இப்போது அருகிவிட்ட மீன்களாக முதியவர்கள் சொன்ன இனங்கள், இளைஞர்கள் சொன்னதைப் போல் ஐந்து மடங்கு. வற்றிப்போன மீன்பிடி இடங்களாகச் சொன்னவை நான்கு மடங்கு. அங்குள்ள பெரிய களவா மீன் வாழ்நாளிலேயே அதிகமாகக் கிடைத்த நாளில் எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, முதியவர்களின் எண்ணிக்கை இளைஞர்களுடையதைவிட 25 மடங்கு வரை இருந்தது. பெரிய மீன்கள் நிறைந்திருந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அதே ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். ஆனாலும் அப்படி ஒரு காலம் இருந்ததென்பது இளைஞர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. இந்த ஆய்வில் என்னை உலுக்கியது இதுதான்.

அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் வேறொரு சான்று. சுற்றுலாவாகத் தூண்டில் போட வந்தவர்கள் கரை திரும்பியதும், அன்று பிடித்ததில் பெரிய மீன்களைப் பலகையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களை வைத்து மீன்களின் அளவைக் கணக்கிட்டபோது, சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகச் சரிந்திருந்தது. படங்களில் நிற்பவர்களின் சிரிப்பில் எந்தக் குறைவும் இல்லை.

இது நினைவு சார்ந்த சங்கதி மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. மீன்பிடிப்புக்கு வரம்பு வைக்கும் அரசுகள், மீன் இருப்பு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் பிடிப்பதைக் குறைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. அந்த எல்லையை எந்தக் காலத்தோடு ஒப்பிட்டு வகுப்பது? கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் வடபகுதிக் காட் மீன் பிடிப்பு 1968இல் 8 லட்சம் டன்னைத் தாண்டியது. 1992 ஜூலையில் இருப்பு குலைந்து, பிடிக்கவே தடை வந்தது. பல்லாயிரம் பேர் பிழைப்பை இழந்தார்கள். அதன்பின் 1980களின் சராசரி இருப்பை அபாய எல்லையாகக் கொண்டிருந்தார்கள். கவனியுங்கள், 1980கள் என்பது பெரும்பிடிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்த பிறகான காலம். 2023இல் 1954 வரை பின்னோக்கிப் போய்த் தரவுகளைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது அபாய எல்லை கீழே இறங்கியது. மீன் இருப்பு அபாய மண்டலத்திலிருந்து எச்சரிக்கை மண்டலத்துக்கு ஏறிவிட்டதாக அறிவித்தார்கள். 2024இல் 18,000 டன் வரம்போடு தடை விலக்கப்பட்டது. புதிய கணக்குக்கு அறிவியல் காரணங்கள் உண்டு. அதை மயக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே கடலும் அதே மீனும் வேறு தீர்ப்பைப் பெறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நகரும் அடிக்கோடு’ என்று வரும். அடிக்கோடு என்றதும் எழுத்துக்குக் கீழே இழுக்கும் கோடுதான் நினைவுக்கு வருகிறது. ‘அடிநிலை’ என்றால் கடைநிலை என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு: மீன்வளத்தில் பேஸ்லைன் என்பது வளம் நிறைந்திருந்த உயர்ந்த நிலை. அதை ‘அடி’ என்று சொன்னால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ஆகவே, எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த நிலை என்னும் பொருளில் ‘ஒப்புநிலை’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

‘நகரும்’ என்பதும் வேண்டாம். பழைய கடலின் நிலை எங்கும் நகர்ந்து போகவில்லை; அறிந்தவர்கள் மறைய, நாம்தான் வேறொன்றை அதுவாக எண்ணுகிறோம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: மயக்கம். ஒரு வேற்றுமை உருபு வேறொரு வேற்றுமையின் பொருளில் வந்தால் உருபு மயக்கம் என்கிறது இலக்கணம். ஒரு திணைக்குரியது மற்றொரு திணையில் வந்தால் திணை மயக்கம். அந்த வரிசையில் ‘ஒப்புநிலை மயக்கம்’ இயல்பாக உட்காருகிறது. நோய்க்குறி என்ற பாரத்தைச் சுமக்கவும் தேவையில்லை.

இந்த மயக்கத்துக்கு மருந்தாகப் பாலி சொன்னது பழைய செய்திகளை. வால்நட்சத்திரத்தையும் சூரியப் புள்ளியையும் பற்றிப் பழங்காலத்தார் எழுதிவைத்ததை வானியலார் தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். மீன்வள ஆய்வாளர்கள் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்டார். தமிழில் அப்படிப்பட்ட தரவு கொட்டிக் கிடக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் ‘சினைச்சுறவின் கோடு நட்டு’ அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். கோடு என்றால் இங்கே கொம்பு. நட்டு வைக்கும் அளவுக்குக் கோடு உடைய சுறவு என்றால் வாள்போல மூக்கு நீண்ட வேளா என்றே கொள்ளலாம். ஒரு வழிபாட்டுக்கே பொருளாகும்படி அந்த மீன் கரைக்கு வந்திருக்கிறது. இன்று உலகிலுள்ள ஐந்து வேளா இனங்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இந்தியாவில் 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சோழமண்டலக் கரையின் ஒப்புநிலையை வகுப்பவர்கள் இயந்திரப் படகுகள் வந்த காலத்திலிருந்து தொடங்கினால் வேளா அந்தக் கணக்கில் நிற்காது.

வழங்கும் முறை: ‘மீன்பாடு இந்த ஆண்டு பரவாயில்லை என்று பத்தாண்டுக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்வது ஒப்புநிலை மயக்கம்.’ ஒரு திட்டம் தொடங்குமுன் எடுக்கும் ‘பேஸ்லைன் சர்வே’யை ஒப்புநிலைக் கணக்கெடுப்பு எனலாம். நில அளவைக்கும் கடல் எல்லைக்கும் மட்டும் இந்தச் சொல் ஆகாது. அங்கே ‘ஆதாரக் கோடு’ என்பதே சரி.