978 சேர்த்தால் மட்டும் போதாது: பழைய ஐஎஸ்பிஎன்னைப் புதியதோடு பொருத்துவது எப்படி?

இரண்டு நூலகப் பட்டியல்களை ஒன்றாக்க உட்காரும்போது முதலில் இடிப்பது இதுதான். புத்தகம் ஒன்றே, ஆனால் ஒரு பட்டியலில் 10 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) இருக்கிறது, இன்னொன்றில் 13 இலக்க எண். கணினிக்கு அவை இரண்டு புத்தகங்கள்.

விதி இப்படி. ஐஎஸ்ஓ 2108 என்ற சர்வதேசத் தரத்தின்படி 1970இல் வந்த ஐஎஸ்பிஎன் 10 இலக்கம் கொண்டது. 2007 ஜனவரி 1 முதல் அது 13 இலக்கமாகிவிட்டது. எண்ணை வழங்குவது அந்தந்த நாட்டுக்கோ பகுதிக்கோ உரிய முகமை, பல இடங்களில் அது தேசிய நூலகமாகவோ அரசுத் துறையாகவோ இருக்கும். பழைய புத்தகத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, இருக்கும் எண்ணையே புது வடிவில் எழுதிக்கொள்ளலாம்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முன்னால் 978 சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், ஆனால் கடைசி இலக்கமும் மாற வேண்டும், ஏனென்றால் அது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சோதனை இலக்கம், இரண்டு வடிவத்துக்கும் கணக்கு வேறு. பழையதில் இலக்கங்களை வரிசையாக 10, 9, 8 என்று 1 வரை பெருக்கிக் கூட்டினால் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி இடத்துக்கு 10 தேவைப்பட்டால் அங்கே எக்ஸ் என்ற எழுத்து வரும். புதியதில் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் வகுபட வேண்டும். 123456789 என்ற ஒன்பது இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய கணக்கில் கடைசியில் எக்ஸ் வரும், 978 சேர்த்துப் புதிய கணக்கைப் போட்டால் 7 வரும், முழு எண் 9781234567897. ஆகவே பழைய கடைசி இலக்கத்தைத் தூக்கிவிட்டு, 978 சேர்த்து, புதிதாகக் கணக்கிடுங்கள்.

மாற்றுவது எப்போதும் பத்திலிருந்து பதின்மூன்றுக்குத்தான். 979 என்று தொடங்கும் எண்களுக்குப் பத்து இலக்க வடிவமே கிடையாது, திருப்பி மாற்றப் போனால் தவறான எண்தான் கிடைக்கும்.

அப்புறம் எக்செல் செய்யும் வேலை. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அது சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யத்தை விழுங்கிவிடும், அதே நெடுவரிசையில் எக்ஸில் முடிபவை மட்டும் எழுத்தாகத் தங்கும். ஒன்பது இலக்கம் மிஞ்சியிருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுச் சோதனைக் கணக்கு சரியாக வருகிறதா பாருங்கள் (ஐஎஸ்பிஎன்னுக்கு முந்தைய ஒன்பது இலக்க எஸ்பிஎன்னையும் இப்படித்தான் மாற்றுவார்கள்). இடைக்கோடுகளை எடுத்துவிடுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் போடுவார்கள். மூல எண்ணை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள், தனி நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும்.

சரி, இத்தனைக்கும் பிறகு எண் பொருந்தவில்லை என்றால்? கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண், திருத்திய பதிப்புக்கு இன்னொன்று. மாற்றமில்லாத மறு அச்சுக்கு மட்டும் பழைய எண்ணே தொடரும். தொகுதிகளாக வரும் நூலில் முழுத் தொகுப்புக்கு ஓர் எண்ணும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண்ணும் இருக்கலாம். அப்படிப்பட்ட பதிவுகளைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.