சிம் நம்பரோட கடைசி நாலு இலக்கம் எங்க போச்சு?

சிம் கார்டு மேல பொடி எழுத்துல ஒரு நீள நம்பர் இருக்கும், 89ல ஆரம்பிச்சு பெரும்பாலும் 19 இல்ல 20 இலக்கம் வரும். அந்த மாதிரி நம்பர் நிறைஞ்ச சிஎஸ்வி ஃபைல் ஒண்ண டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்தேன், அந்த நெடுவரிசை (காலம்) முழுக்க 8.991இ+18னு சுருக்கமா நிக்குது. செல் ஃபார்மட்ட நம்பர்னு மாத்திப் பாத்தா, 8991000012345678901னு இருக்க வேண்டியது 8991000012345670000னு இருக்கு. ஒரே பெட்டியில வர்ற சிம்முக்கெல்லாம் கடைசி இலக்கங்கள்லதான வித்தியாசம், அதனால ஒரு பெட்டி மொத்தமும் ஒரே நம்பர் ஆயிடுச்சு, நெஞ்சே பதறிப்போச்சு.

சிஎஸ்விங்கிறது வெறும் எழுத்தும் கமாவும்தான், இது அடையாளக் குறியீடு, கூட்டிக் கழிக்கிற எண் இல்லனு சொல்ல அதுல இடமே கிடையாது. எக்செல் இலக்கமா பாத்தா எண்ணுனு எடுத்துக்கும். எண்ண 64 பிட்ல, அதாவது 0, 1னு 64 இடத்துல, வைக்கிற முறை 1985ல வந்த ஐஇஇஇ 754ங்கிற தரநிலை, அதுல இலக்கத்துக்குக் கிடைக்கிறது 53 பிட், அதாவது 9007199254740992 தாண்டினா எல்லா முழு எண்ணையும் துல்லியமா வைக்க முடியாது. 15 இலக்கம் வரைக்கும் எதுவானாலும் பத்திரம், அதனால எக்செல் அங்கயே நிறுத்திட்டு மிச்சத்துக்கு சைபர் போட்டுடும். முன்னாடி இருக்கிற சைபரும் போயிடும், 044 வெறும் 44 ஆகும்.

12 இலக்க ஆதார் நம்பர் செல்லுக்குள்ள முழுசாத்தான் இருக்கும், சுருக்கமா தெரியும் அவ்வளவுதான். ஆனா அப்படியே திரும்ப சிஎஸ்வியா சேவ் பண்ணீங்கனா திரையில தெரியுறதத்தான் எழுதும், அப்ப அதுவும் போச்சு.

திறந்தப்புறம் டெக்ஸ்ட்னு மாத்துறதுல பிரயோஜனமே இல்ல, போன இலக்கம் திரும்பாது. காலி ஷீட் திறந்து, டேட்டா டேப்ல ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி போய் ஃபைல எடுத்து, ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா அழுத்தி அந்த காலத்த டெக்ஸ்ட் ஆக்குங்க, ரீப்ளேஸ் கரண்ட்டானு கேக்கும், கண்டிப்பா ஆமாம்னே சொல்லுங்க, புது ஸ்டெப்பா சேத்தா முதல்ல எண்ணா மாத்திட்டு அப்புறம்தான் எழுத்தாக்கும். லிப்ரே ஆபீஸ்ல திறக்கும்போதே காலம் வகை கேக்கும், சுலபம்.

டெக்ஸ்டா கொண்டு வந்தாலும் கவுண்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தன தடவ வருதுனு எண்ணுற ஃபார்முலா) போட்டு டூப்ளிகேட் தேடும்போது உஷாரா இருங்க, அது இலக்கத்த திரும்ப எண்ணாத்தான் பாக்கும், முதல் 15 ஒத்துப்போனா ஒண்ணேதான்னு கணக்கு காட்டும். தேடுற மதிப்போட கடைசியில ஒரு நட்சத்திரக்குறி ஒட்டினா எழுத்தா ஒப்பிடும், சரியா வரும்.