வீட்டில் உங்கள் பணம், பதிவேட்டில் பிள்ளையின் பெயர்

லண்டனில் வீடு வாங்க எங்களிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில், முன்பணத்தைப் பெற்றோர் கொடுப்பதும், வீடு மகன், மருமகள் பெயரில் பதிவாவதும் வழக்கமாகிவிட்டது. "பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்குவதா?" என்பார் அப்பா. எழுதித்தான் வாங்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டப்படி நிலத்தில் சட்டபூர்வ உடைமை இரண்டே வகை: காலவரம்பில்லாத ஃப்ரீஹோல்டு, குறித்த காலக் குத்தகையான லீஸ்ஹோல்டு. அரசின் நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவரே சட்டபூர்வ உடைமையாளர். பெயர் இல்லாமல் பணம் மட்டும் போட்டவருக்கும் பங்கு இருக்கலாம். அது ஈக்விட்டி என்னும் நியாய நெறிகளின் வழி வருவது, வலு குறைந்தது.

எவ்வளவு வலு என்பதை இரண்டு வழக்குகள் சொல்லும். போலண்ட் வழக்கில் வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தது. பணம் போட்ட மனைவியும் அங்கேதான் குடியிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வங்கி அடமானம் பிடித்தது. 1980இல், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஃப்ளெக் வழக்கில் 34,000 பவுண்டு வீட்டுக்கு 18,000 கொடுத்தவர்கள் பெற்றோர். பெயர் மகளுக்கும் மருமகனுக்கும். பெற்றோருக்குத் தெரியாமல் வீடு அடமானம் போயிற்று. அங்கேயே குடியிருந்தும் 1987இல் பெற்றோர் தோற்றார்கள். கடன் தொகை பெயருள்ள இருவரிடம் போய்ச் சேர்ந்தால், மற்றவர் உரிமை வீட்டை விட்டு அந்தத் தொகைக்கு மாறிவிடும். தொகை செலவாகிவிட்டால் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணம் போட்டு அங்கேயே குடியிருப்பவருக்கு, பதிவேட்டில் ஒரே பெயர் என்றால் காப்பு, இரண்டு என்றால் இல்லை. விசித்திரம்தான், ஆனால் இன்றும் சட்டம் அதுவே.

நான் அதிகம் அஞ்சுவது, மகனுக்கு வீட்டுக் கடன் தரும் வங்கி பெற்றோரிடம் கேட்கும் ஒரு பக்கக் கடிதத்தை. "இது அன்பளிப்பு, இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்" என்பதுதான் அதன் சாரம். சேமிப்பு முழுவதையும் கொடுத்தவர், மகன் காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறார். பிறகு பங்கு கேட்டு வந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். உண்மையில் அன்பளிப்பு என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

பங்கு வேண்டுமென்றால் பதிவேட்டிலேயே பெயர் சேர்ப்பது நல்லது. நான்கு பேர் வரை சேர்க்கலாம். வங்கி இணங்காவிட்டால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வங்கிக்கும் தெரிவித்து, எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அதற்கு மகனின் வழக்கறிஞர் போதாது, உங்களுக்கென்று ஒருவர் தேவை. பதிவேட்டில் வழக்கமாக ஏறும் கட்டுப்பாட்டுக் குறிப்பு, பணத்தை இரண்டு பேரிடம் கொடுக்கச் சொல்வதோடு நின்றுவிடும். மகனும் மருமகளும் இரண்டு பேர்தானே! உங்கள் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தனிக் குறிப்பைக் கேட்டுப் பதியச் சொல்லுங்கள்.