நீளக் குழாயா, குட்டைக் குழாயா?

குளிர்காலக் காலையில் பிக்கப் டிரக்கை ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பக்கமிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை வரும். என்ஜின் சூடேறியதும் அடங்கிவிடும். அமெரிக்காவில் பழைய வி8 (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட என்ஜின்) டிரக் ஓட்டுபவர்கள் பலருக்கு இது பழகிய ஓசை. சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் திரட்டி வெளியே அனுப்ப அதில் போல்ட் போட்டு இறுக்கிய புகை மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டு, கடைசியில் ஓரத்துப் போல்ட் முறிகிறது. அந்த இடுக்கில் புகை கசிந்து ‘டிக், டிக்’ என்கிறது, கரியும் படிகிறது. எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்றானதும், பழைய மேனிஃபோல்டையே மாட்டுவதா, ஹெடர் வாங்குவதா என்ற யோசனை பிறக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எஃகுக் குழாய் வைத்து, அவற்றைக் கலெக்டர் என்ற பொதுக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஹெடர். புகை போகும் வழி அகலமானால் சக்தி தானாகக் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். குழாய்க்குள் நடப்பது அதைவிடச் சுவையானது.

புகை வால்வு திறந்ததும் சிலிண்டரின் அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் பாய்கிறது. கலெக்டரில் குழாய் திடீரென அகலமாகும் இடத்தில் அந்த அலை தலைகீழாகிறது. அழுத்தமாகப் போனது உறிஞ்சலாகத் திரும்பி வருகிறது. புகை வால்வு முழுதாக மூடுமுன்பே காற்று வால்வு திறக்கத் தொடங்கும் ஒரு சிறு இடைவேளை உண்டு. உறிஞ்சும் அலை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை இழுத்தெடுத்து, புதுக்காற்று நுழையவும் வழிசெய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 580 மீட்டர் ஓடும். 90 செ.மீ. குழாயில் போய்த் திரும்ப அதற்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், அந்த நேரத்தில் என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் தண்டு 37 பாகை திரும்பியிருக்கும். 6,000 சுற்றில் 112 பாகை. அதே குழாய், அதே அலை. வந்து சேரும் கட்டம் மட்டும் வேறு. அதனால் எந்த ஹெடரும் ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தில்தான் முழுப்பலன் தரும். நீளக் குழாய் தாழ்ந்த, நடுத்தர வேகத்துக்கு உதவும். குட்டைக் குழாயின் பலன் உயர்வேகத்தில்தான் தெரியும்.

வி8 என்ஜினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர் என்ஜினில் சிலிண்டர்கள் 1-8-7-2-6-5-4-3 என்ற வரிசையில் எரிகின்றன. இரட்டை எண் சிலிண்டர்கள் எல்லாம் வலப்பக்கம். 2 எரிந்து கிராங்க் தண்டு 90 பாகை திரும்பியதுமே அதே பக்கத்தில் 6 எரிந்துவிடுகிறது. குறுகிய பொது மேனிஃபோல்டில் 6-இன் அழுத்த அலை, இன்னும் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும் 2-இன் வாயில் போய் முட்டும். இடப்பக்கத்தில் 3-க்கும் 1-க்கும் இதே கதை. தனித்தனி நீளக் குழாய்கள் இந்த மோதலைத் தள்ளி வைக்கின்றன.

குழாயின் விட்டத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கும். 1.625 அங்குலக் குழாய்க்குப் பதில் 1.875 அங்குலம் வாங்கினால் குறுக்குப்பரப்பு மூன்றிலொரு பங்கு கூடும். அதே புகையின் வேகம் கால்பங்கு குறையும். வேகமாக ஓடும் புகைக்கு, பின்னால் வருவதையும் இழுத்துச் செல்லும் உந்தம் உண்டு. அதை இழந்தால் தாழ்ந்த சுற்றில் இழுவை தளரும். டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலைப்பாதை ஏறும் டிரக், பெரும்பாலும் 2,000 முதல் 4,000 சுற்றுக்குள்தான் உழைக்கிறது. விளம்பர வரைபடத்தில் 6,000 சுற்றில் தெரியும் உச்சியைப் பார்த்து வாங்காதீர்கள். 2,500-இல் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இழுவை வேலைக்கு, சற்றே ஒடுக்கமான நீளக் குழாய்தான் என் தேர்வு.

ஆனால் அந்தத் தேர்வுக்குச் சட்டம் குறுக்கே நிற்கலாம். நீளக் குழாய் மாட்ட, பல டிரக்குகளில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) நகர்த்தவோ கழற்றவோ வேண்டியிருக்கும். சாலையில் ஓடும் வண்டியில் அதைக் கழற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் பெற்ற ஹெடர் மட்டுமே செல்லும். அது பெரும்பாலும் குட்டைக் குழாயாகவே இருக்கும். அதன் பலன் சிறிதுதான். ஆனாலும் சில குதிரைத்திறனுக்காக ஊரார் மூச்சில் நச்சைக் கலப்பதை என்னால் ஏற்க முடியாது. மாற்றிக்கு இடமில்லாத ஹெடர் எனக்கு வேண்டாம்.

பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் சாதாரண எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்; 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் 90 செ.மீ. நீளமுள்ள 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 10 மில்லிமீட்டர் நீளும். அந்த இழுப்பைத் தாங்க, என்ஜினோடு ஒட்டும் ஃபிளாஞ்ச் தகடு தடிமனாக, வளையாததாக இருக்க வேண்டும். கையில் எடுத்ததும் முதலில் அதைத் தடவிப் பாருங்கள்.

மாட்டி முடித்து இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும். மூட்டில் சிறு இடுக்கு இருந்தாலும், புகையை இழுக்கும் அதே உறிஞ்சல் அலை வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, எரிபொருள் போதவில்லை என்று சொல்லும். கணினி தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். அதனால் மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு மூட்டருகிலும் நகர்த்தி, அந்தப் பழைய ‘டிக், டிக்’ கேட்கிறதா என்று கவனியுங்கள்.