ஒரே கோடு, இரண்டு அர்த்தம்

"தங்கச்சி அஞ்சு மாசம். தனியார் லேபில் எச்.ஐ.வி. இருக்குன்னாங்க, நம்பிக்கை மையத்துல இல்லைங்கறாங்க. யாரை நம்புறது?" என்று வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தைத்தான் நம்ப வேண்டும். ஏன் என்பதற்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விடுவார்கள். வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி இருந்தால், பட்டையில் பூசியிருக்கும் வைரஸ் புரதத்தில் அது சிக்கிக்கொண்டு ஒரு கோடு தெரியும். வேறு எதற்கோ உடம்பில் உண்டான ஆன்டிபாடியும் அபூர்வமாக அதே புரதத்தில் ஒட்டிக்கொள்வதுண்டு. தொற்று இல்லாத 200 பேரில் ஒருவருக்கு இப்படித் தவறாகக் கோடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இனி கணக்கு. 10,000 கர்ப்பிணிகளில் 20 பேருக்குத்தான் தொற்று. அந்த 20 பேருக்கும் கோடு விழும். மீதி 9,980 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குப் பொய்க்கோடு. ஆக 70 கோடுகளில் 50 பொய்! இதே பட்டையை, 10,000 பேரில் 1,000 பேருக்குத் தொற்றுள்ள ஒரு கூட்டத்தில் வைத்துப் பாருங்கள்: 1,045 கோடுகளில் பொய் வெறும் 45. பட்டை அதேதான், கோடும் அதேதான். யார் நடுவே நின்று பார்க்கிறோம் என்பதை வைத்து அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

அதனால்தான் நம்பிக்கை மையத்தில் முதல் கிட்டில், அதாவது முதல் பட்டையில், கோடு விழுந்தால், வேறு புரதம் அல்லது வேறு முறையில் வேலை செய்யும் இரண்டாவது, மூன்றாவது கிட்டிலும் பார்க்கிறார்கள். ஒரு கிட்டை ஏமாற்றிய ஆன்டிபாடி மூன்றையும் ஏமாற்றுவது மிக அரிது.

அப்படியானால் 'சந்தேகப்படும்படி' உள்ளவர்களை மட்டும் சோதித்தால் போதாதா? 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரிந்தன. 'அது அவங்க வியாதி' என்ற நினைப்பு இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவன் மூலமே வரலாம், முகத்தில் எழுதியிருக்காது. சிகிச்சை இல்லையென்றால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் ஒழுங்காக மாத்திரை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. எல்லாரையும் சோதிப்பதால் சில பொய்க்கோடுகள் வரத்தான் செய்யும். அவற்றைக் களையத்தான் அடுத்த கிட்டுகள்.

என் கோபமெல்லாம், முதல் பட்டையைப் பார்த்ததும் வராந்தாவிலேயே மாமியாரிடம் சொல்லிவிடும் லேப்காரர்கள் மேல். அப்படி ஒன்றை நேரிலேயே பார்த்தேன். சம்மதமின்றிச் சோதிப்பதும், சம்மதமின்றி முடிவை வெளியே சொல்வதும் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி கூடாது.

வாசகிக்கு: ரிப்போர்ட்டை ஒருமுறை படியுங்கள். அடுத்த இரண்டு கிட்டிலும் கோடு இல்லையென்றால் 'நெகட்டிவ்' என்றே எழுதியிருப்பார்கள். ஒன்றில் விழுந்து ஒன்றில் விழாமல் போயிருந்தால், 14 முதல் 28 நாளுக்குள் மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிப்போங்கள்.