பதினாறு முனைகளில் பிறக்கும் சுருள்பாதை

சுருள்பாதை (labyrinth) என்பது கிளையில்லாமல் சுற்றிச் சுற்றி மையத்துக்குக் கொண்டுபோகும் ஒற்றை வழி. பாலைவனத்தில் வெறும் கைகளால் கல் அடுக்கி ஏழு சுற்றுச் சுருள்பாதை அமைக்கிறவர்களுக்குப் பெரிய வரைபடம் எதுவும் வேண்டியதில்லை. முழு வடிவமும் ஒரு சிறு சதுரத்துக்குள் அடங்கிவிடும். கிரேக்கத்தின் பைலோசில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1200ஐச் சேர்ந்த களிமண் பலகையின் பின்புறத்திலும் இதே அமைப்புத்தான் கீறப்பட்டிருக்கிறது.

கொழும்பின் வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து இறங்கினால் வரும் ஈர மணலில் இதைப் போட்டுப் பார்க்கலாம். குச்சியால் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு இடைவெளிகளிலும் ‘ட’ போல மடங்கிய கோடு ஒவ்வொன்று. மடிப்பு நடுவை நோக்கி இருக்கட்டும். இவற்றைச் சூழும் கற்பனைச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. கோட்டு முனைகள் 12, புள்ளிகள் 4, ஆக 16 முனைகள். கூட்டல் குறியின் மேல்முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு வளைவாக இணையுங்கள். அப்புறம் இடப்பக்கத்து முதல் முனையை, அந்த வளைவுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோய், வலப்பக்கத்தில் மீந்திருக்கும் அடுத்த முனையில் சேருங்கள். இப்படியே எட்டு வளைவுகள். கோலம் போட்டுப் பழகிய கை மூன்றாவது வளைவிலேயே பிடித்துக்கொள்ளும். கடைசி வளைவு கூட்டல் குறியின் கீழ்முனையில் முடியும். அதற்கு இடப்பக்கத்து இடைவெளிதான் வாசல்.

உள்ளே வழி தவறாது. எல்லாச் சுவர்களும் கூட்டல் குறியிலிருந்தே கிளம்பி நான்கு புள்ளிகளில் முடிகின்றன. தனித்து நிற்கும் சுவர் கிடையாது. அந்த நான்கு முனைகளையும் வளைந்து திரும்புகிற பாதைக்குக் கிளையும் இல்லை. ஆனால் நடக்கும் வரிசைதான் அபாரம். வெளியிலிருந்து எண்ணினால் 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு மையம். நுழைந்ததும் நேரே விளிம்புக்குத் தள்ளப்படுகிறோம். ஏழாம் சுற்றில் மையம் ஒரே ஒரு சுவருக்கு அப்பால் இருக்கும். இருந்தும் விலகிப் போயே ஆகவேண்டும். இத்தனை எளிய கோடுகளுக்குள் இப்படி ஒரு பயணம் ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பாலையில் கல்லைச் சும்மா வைத்தால் காற்று அடிமணலை அரித்துச் சாய்த்துவிடும். தட்டையான பக்கம் கீழே இருக்க, கொஞ்சம் புதைத்து வைக்க வேண்டும். பேருவின் நாஸ்கா பாலைவனத்தில் பழங்கால மக்கள் செய்தது இதற்கு நேர்மாறு: மேலே கிடந்த கருநிறக் கற்களை ஒதுக்கி, அடியிலிருந்த வெளிர்மண்ணையே பாதையாக்கினார்கள். 2012இல் ஆய்வாளர்கள் விவரித்த அங்குள்ள சுருள்பாதையின் நீளம் 4.4 கிலோமீட்டர். மழையே அபூர்வமானதால் அது அழியவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொழும்பில் புல்லும் சேறும் சீக்கிரமே மூடிவிடும். இங்கே கனமான கல்தான் சரி.

பாதையின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால் மொத்தக் குறுக்களவு 6 மீட்டர். ஒரு முற்றத்துக்குள் அடங்கும். மொத்தப் பரப்பை அகலத்தால் வகுத்தால் பாதையின் நீளம் வரும், ஏறக்குறைய 60 மீட்டர். சுவரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 20 சென்டிமீட்டருக்கு ஒரு கல் வைத்தால் சுமார் 300 கற்கள் வேண்டும். வீடு கட்டி முடித்த இடங்களில் கேட்டு வாங்குங்கள். தண்டவாள ஓரத்துக் கற்களில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். கடலரிப்பை மறித்து நிற்பவை அவை.